உன் ஓட்டத்துக்குத் தகப்பன்

தம்பி,

உலகக் கிண்ணக் கிரிக்கெட்டின் கடைசி ஆட்டத்தை ஊரே கண்விழித்துப் பார்த்துக்கொண்டிருக்க, வானத்தில் விமானம் வருகிறது என்று கொழும்பு முழுவதும் விளக்கை அணைத்தார்களே, அந்த வருஷம். லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழ்ச் சனங்களை விடியற்காலையில் பஸ்ஸில் ஏற்றி வடக்கே கொண்டுபோனதும், பிறகு திருப்பிக் கொண்டுவந்ததும் அதே வருஷம்தான். உன் அம்மாவுக்கு இரண்டாவது திவசம் கொடுத்ததும் அப்போதுதான். இத்தனையும் நடந்துகொண்டிருந்த ஊரில் நீ ஒரு சோடிச் சப்பாத்தை வாங்கிக்கொண்டு வந்து, "அப்பா, நாளையிலேர்ந்து நான் ஓடப்போறேன்" என்றாய். எங்கே என்று கேட்டேன். "எங்கேயும் இல்லப்பா, சும்மா ஓடுறதுக்குத்தான்" என்றாய். கொஞ்ச நாளில் அந்த ஓட்டத்தைப் பற்றிக் கம்ப்யூட்டரில் எழுதவும் தொடங்கினாய். அதற்குப் பேர் புளொக் என்றாய். யார் வேண்டுமானாலும் எந்த நாட்டிலிருந்தும் வாசிக்கலாம், சல்லி கொடுக்கத் தேவையில்லை என்றாய். எல்லாரும் வாசிக்கலாம் என்று நீ சொன்னபோது, எழுத்துத் தெரியாத நான் எதிரே உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து இன்றுவரை நீ எழுதியதில் ஒன்றுகூட விடாமல் எனக்குத் தெரியும். சாயங்காலம் சோற்றை அடுப்பில் வைத்துவிட்டு உன் மனைவி சுபா எனக்கு வாசித்துக் காட்டுவாள். ஒரு தடவை கேட்டால் எனக்குப் போதும், மறக்காது. எழுத்துத் தெரிந்தவர்களுக்குத் தாளில் வைக்கலாம், என்னைப் போன்றவனுக்கு மண்டையில்தான் வைக்க வேண்டும். இப்போதும் நான் சொல்லச் சொல்ல சுபாதான் தட்டுகிறாள். என் பேச்சை எழுத்துத் தமிழாக்குவது அவள் பொறுப்பு. ஆட்கள் பேசியதை மட்டும் பேசினபடியே விடச் சொல்லியிருக்கிறேன். எதற்கு இந்தக் கடிதம் என்றால், இந்த மாதக் கடைசியில் நீ மெல்பர்னுக்குப் போகிறாய். போகிறவன், போகும் முன் கடைசியாக ஒன்று எழுதினாய். உன்னோடு ஓடுகிற விமல் அங்கிளுக்கு நன்றி சொல்லி ஒரு நீளமான பதிவு. அதற்கு நீ வைத்த தலைப்பு, 'என் ஓட்டத்துக்குத் தகப்பன்'. சுபா தலைப்பை வாசித்துவிட்டு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். சோறு அடிப்பிடிக்கிறது புள்ள, போய்ப் பார் என்றேன்.

எனக்குப் பொறாமை, தம்பி. அப்படித்தான் எழுதச் சொன்னேன். சுபா கையை எடுத்துவிட்டு, "கவலை எண்டு போடட்டோ மாமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். கவலைப்படுகிறவனுக்குச் சோறு இறங்காது. எனக்கு நன்றாக இறங்குகிறது. சாப்பிட்டுக்கொண்டே எரிகிறேன். உன் புளொக்கில் எத்தனை பேருக்குப் பேர் இருக்கிறது என்று யோசித்துப் பார். கல்கிசையில் செவ்விளநீர் விற்கிற நிமாலுக்குப் பேர் இருக்கிறது. தண்டவாளத்தோரம் உன் பின்னால் ஓடிவருகிற தெருநாய்க்கு நீயே சுது என்று பேர் வைத்திருக்கிறாய். அதன் காது கிழிந்த கதைக்கு ஒரு முழுப் பதிவு. விமலுக்கோ பதிவுக்குப் பதிவு பேர்தான். நான் வருவது ஒரே ஒரு இடத்தில். 'எங்கள் வீட்டில் ஓட்டம் என்பது தடை செய்யப்பட்ட சொல், அப்பாவுக்கு நடை மட்டும்தான் தெரியும்' என்று எழுதினாய். அதற்குக் கீழே டொரொண்டோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் ஆட்கள் சிரித்திருந்தார்கள். எழுத்திலும் சிரிக்கலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அந்த டொரொண்டோக்காரர்கள் மேலும் எனக்குப் பொறாமைதான். ஒருவர், 'இடது முழங்காலுக்கு ஐஸ் வையுங்கோ தம்பி, ரெண்டு நாள் ஓடாதேங்கோ' என்று எழுதியிருந்தார். பக்கத்து அறையில் படுக்கிற எனக்கு உன் முழங்கால் நோகிறது என்பதே சுபா அதை வாசித்த பிறகுதான் தெரியும். அன்றைக்கு இரவுச் சாப்பாட்டுக்கு நீ கதிரையில் உட்கார்ந்தபோது பார்த்தேன், இடது காலை நீட்டித்தான் வைத்திருந்தாய். "கால் என்னடா" என்றேன். "ஒண்டுமில்லப்பா" என்றாய். முகம் தெரியாத ஆளுக்கு முழங்காலைக் காட்டுகிறாய், எனக்கு ஒன்றுமில்லை என்கிறாய். நீ ஒருமுறை பாலத்தடியில் நிற்கிற ஆமிக்காரப் பையன் எந்த நேரத்தில் தூங்கி வழிவான் என்று வேடிக்கையாக எழுதியதை உடனே எடுக்கச் சொல்லிச் சண்டை பிடித்தேன் அல்லவா. 'அப்பா சென்சார்' என்று இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை நீ. அதை எடுக்கச் சொன்னது பயத்தால்தான். காவல் எப்போது தூங்கும் என்று ஒரு தமிழன் எழுதி ஊருக்குக் காட்டலாமா? மற்றபடி நான் முணுமுணுத்ததெல்லாம் பொறாமையால்.

விமலை நேரில் பார்க்க வேண்டும் என்று ஒருநாள் விடியற்காலை நீ கதவைச் சாத்திக்கொண்டு இறங்கியதும் நானும் பின்னால் இறங்கினேன். ஆள் அவலட்சணமாக இருக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டேதான் போனேன். கடற்கரை வீதியில், தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும் சின்ன மதிலில் காலைத் தூக்கி வைத்து வளைந்துகொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும். தலை முழுக்க வெள்ளை, கால் இரண்டும் கொக்குக் கால். பரவாயில்லை, நம்மைவிட நிறம் மட்டும்தான் கூட என்று நினைத்தேன். பிறகு இரண்டு பேரும் ஓடத் தொடங்கினீர்கள். குறை கண்டுபிடிக்கத்தான் நான் போனேன். மனிதன் ஒரு குறையும் வைக்கவில்லை. தோள் அசையவில்லை, மூச்சுக் கேட்கவில்லை, பூனை மதிலில் போவதுபோலப் போனார். நீ பக்கத்தில் அவருடைய அடிக்கு அடி வைத்துப் போனாய். என்னோடு கோயிலுக்கு வந்தால் எப்போதும் பத்தடி முன்னால் போகிறவன் நீ.

தெஹிவளைப் பக்கம் போகிற வழியில் மண்மூட்டை அடுக்கிய காவலரண் இருக்கிறதே, அதைத் தாண்டும்போது நான் தூரத்திலிருந்து ஒன்றைப் பார்த்தேன். விமல் ஓடினபடியே கையை உயர்த்தி, "குட் மோர்னிங் மல்லி" என்றார். மல்லி என்றால் அவர் பேசுகிற சிங்களத்தில் தம்பி. உள்ளே நின்ற பையன் பல்லைக் காட்டினான். அதே நேரத்தில் உன் கை உயரவில்லை, இடுப்புக்குப் போனது. சுபா உன் கட்டைக் காற்சட்டையின் உள்பக்கம் அடையாள அட்டைக்கென்று ஒரு பை தைத்துக் கொடுத்தாள் அல்லவா, அந்தப் பையைத் தொட்டுப் பார்த்தாய். கேட்டாலும் உனக்கு நினைவிருக்காது. உன் புத்திக்குத் தெரியாமல் உன் கை செய்த வேலை அது. ஒரே வீதி, ஒரே வேகம், ஒருவர் கை மேலே போகிறது, ஒருவர் கை கீழே போகிறது. அவர் மேல் எனக்கிருந்த பொறாமையில் பாதி அந்த இடத்தில்தான் இருக்கிறது. பை தைக்காமல் ஓடுகிறவன் யாருக்கும் ஓட்டம் சொல்லிக் கொடுக்கலாம்.

நீங்கள் திரும்பி வந்தபோது நான் ஒளிய நேரம் கிடைக்கவில்லை. "அப்பாவா?" என்று விமல் வேர்வைக் கையை என் கையில் துடைத்துவிட்டார். உனக்காகக் கொஞ்சம் தமிழ் பழகியிருக்கிறார் போல. "ஐயா, ஒங்க மகன் நல்ல ஓட்டம். சும்மா வாற ஓட்டம் இல்ல. வூட்டுல யாரு ஓடுற ஆளு?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன் நீ சிங்களத்தில் சிரித்துக்கொண்டே சொன்னாய், அப்பாவா, அப்பா பஸ்ஸைக்கூட ஓடிப் பிடிக்கமாட்டார் அங்கிள், மரியாதையாக நடந்து போய்த் தவறவிடுவார் என்று. நீ பள்ளிக்கூடத்தில் படித்த சிங்களம் அது. நான் துறைமுகத்தில் படித்தது, அதனால் ஒரு சொல் தப்பாமல் விளங்கியது. விமல் சிரிக்கவில்லை. என் காலைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார். "அவங்க அம்மா பக்கம்" என்றேன். உன் அம்மா பக்கத்தில் எல்லாரும் ஜிந்துப்பிட்டியில் கடை வைத்துக் கல்லாப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து தொந்தி வளர்த்தவர்கள். தீப்பிடித்தால்கூட எழும்புவதற்கு ஆள் வேண்டும் அவர்களுக்கு. அந்தத் தொந்திகளுக்கு உன் ஓட்டத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டு நடந்து வீட்டுக்கு வந்தேன்.

இப்போது சொல்கிறேன், கேள். நீ பிறக்க வெகு காலம் முன்னால், எனக்கு மீசை அரும்பிக் கொஞ்ச நாளே ஆகியிருந்த வயதில், நான் துறைமுகத்தில் மூட்டை சுமக்கச் சேர்ந்தேன். அங்கே வருஷத்துக்கு ஒருமுறை விளையாட்டுப் போட்டி வைப்பார்கள். கிரேன்காரர்கள், பேனா பிடிக்கிற கந்தோர்க்காரர்கள், ஸ்டோர்காரர்கள் என்று ஒவ்வொரு பகுதியும் அஞ்சலோட்டத்துக்கு நான்கு பேரை விடும். மூட்டைப் பகுதி ஒருநாளும் விட்டதில்லை. சுமக்கிறவனுக்கு முதுகுதான் வளரும், கால் வளராது என்று கந்தோர்க்காரர்கள் சொல்வார்கள். அந்த வருஷம் நாங்கள் நான்கு பேர் பேர் கொடுத்தோம். கொட்டாஞ்சேனைத் தேவாலயத்துக்குப் பின்வீட்டு அந்தோனி, மலே சாதிக்காரன் ஜுனைதீன், களனியிலிருந்து சைக்கிளில் வேலைக்கு வருகிற பியதாச, நான். வேலை முடிந்து எல்லாரும் கள்ளுக்கடைக்குப் போகிற நேரத்தில், புளூமெண்டால் பக்கத்து வெளியில் துடைப்பக் கட்டையை வெட்டிக் கோலாக வைத்துக்கொண்டு வெறுங்காலோடு ஓடிப் பழகினோம்.

அஞ்சலோட்டத்தில் வேகம் பெரிதல்ல, தம்பி. கோலை வாங்குகிற இடத்தில்தான் எல்லாம். வாங்குகிறவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் வேகம் போய்விடும். கையைப் பின்னால் நீட்டிக்கொண்டு முன்னால் ஓட வேண்டும். வருகிறவன் குரல் கொடுப்பான், அதை நம்பிக் கையை விரிக்க வேண்டும். எங்களில் அந்தோனி முதல், ஜுனைதீன் இரண்டு, பியதாச மூன்று, நான் கடைசி. பியதாச என் முதுகுக்குப் பின்னால் வந்து "கன்ன" என்று கத்துவான். பிடி என்று அர்த்தம். போட்டி அன்றைக்கு அவன் கத்தின கத்தலில் பக்கத்துக் கோட்டில் நின்ற கிரேன் பகுதிக்காரனும் கையை நீட்டிவிட்டான். நான் பிடித்தேன். முன்னால் யாரும் இல்லை, பின்னால் எத்தனை பேர் என்று தெரியாது. சாக்கு மூட்டை இல்லாத முதுகு எவ்வளவு லேசானது என்று அந்தக் கோடு வரைக்கும் தெரிந்துகொண்டே போனேன். வென்றோம். ஆளுக்கொரு எனாமல் கோப்பை கொடுத்தார்கள், வெள்ளை, வாயில் நீலக் கரை. நீ சின்ன வயதில் வேறு பாத்திரத்தில் பால் குடிக்கமாட்டேன் என்று அடம்பிடித்த கோப்பை அதுதான்.

சுபா தட்டுவதை நிறுத்திவிட்டாள். "மாமா, நீங்கள் ஓடினனீங்களோ? இவ்வளவு நாளும் நான் வாசிக்க வாசிக்கக் கேட்டுக்கொண்டிருந்தனீங்கள், ஒரு சொல்லுச் சொல்லேல்லையே" என்கிறாள். "இவருக்கும் தெரியாதோ?" தெரியாது என்றேன். "மாமிக்கு?" அவளுக்குத் தெரியும். எழுது புள்ள, பிறகு கேள் என்றேன்.

உனக்கு ஓட்டம் என்றால் உயிர், சப்பாத்து வாங்கிய வருஷத்திலிருந்து அல்ல, நடக்கத் தெரிந்த நாளிலிருந்தே. உன்னைக் கழுத்தில் உட்காரவைத்துக்கொண்டு கொட்டாஞ்சேனை ஒழுங்கையில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நான் ஓட வேண்டும். நிறுத்தினால் நெஞ்சில் உதைப்பாய். "ஓடுப்பா, ஓடுப்பா" என்பாய். எண்பத்து மூன்று ஆடி மாதம் பியதாச விடிந்ததும் சைக்கிளில் வந்து நம் கதவைத் தட்டினான். புகை அதற்குள் வானத்தில் ஏறியிருந்தது. நானும் உன் அம்மாவும் எதை எடுப்பது எதை விடுவது என்று தெரியாமல் நின்றோம். அவன் எதையும் எடுக்கவிடவில்லை. கோப்பையும் அங்கேதான் போனது. உன்னைத் தூக்கிக் கழுத்தில் வைத்தேன், என் கால் தானாக ஒழுங்கை முனையைப் பார்த்துத் திரும்பியது. பியதாச என் கையைப் பிடித்து நிறுத்தினான். "துவன்ன எபா மச்சாங்" என்றான். ஓடாதே, ஓடுகிறவனைத்தான் துரத்துவார்கள், மெதுவாக நட என்றான். "ஹெமின், ஹெமின்" என்றான்.

கோயில் மண்டபம் வரைக்கும் நடந்தோம். பியதாச சைக்கிளை உருட்டிக்கொண்டு எனக்கும் வீதிக்கும் நடுவில் வந்தான். மீன் விலையைப் பற்றிச் சிங்களத்தில் உரக்கப் பேசினான், நானும் சிங்களத்தில் பதில் சொன்னேன். இரண்டு பக்கமும் கடைகள் எரிந்துகொண்டிருக்க, பாரை மீன் இந்தக் கிழமை ஏறிவிட்டது மச்சாங் என்றேன் நான். உன் அம்மா பொட்டை அழித்த கையை முந்தானையில் மறைத்துக்கொண்டு வந்தாள். அந்தப் பகுதியில் என்னைவிட வேகமாக ஓடக்கூடியவன் ஒருவனும் அன்றைக்கு இல்லை என்று எனக்குத் தெரியும், அதனால்தான் என் காலைப் பார்த்து எனக்கே பயமாக இருந்தது. நீ மேலே இருந்துகொண்டு நெஞ்சில் உதைத்தாய். "ஓடுப்பா" என்றாய். நான் நடந்தேன். "ஏம்ப்பா ஓடமாட்டேங்கிற" என்று அழுதாய். உன் அம்மா எட்டி உன் வாயைப் பொத்தினாள், தமிழில் அழுகிறாய் என்று. என் வாழ்நாளில் நான் செய்த பெரிய ஓட்டம் அந்த நடைதான். உனக்கு அது நினைவில்லை. ஐந்து வயதுப் பிள்ளைக்கு அப்பா ஓட மறுத்தது மட்டும்தான் எங்கேயோ ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அதற்குப் பிறகு உனக்கு நான் நடக்கத்தான் சொல்லிக் கொடுத்தேன். பஸ் போனால் போகட்டும், நட. மழை வந்தால் நனை, நட. சத்தம் கேட்டால் நில், பிறகு நட. நான் ஓடினவன் என்று தெரிந்தால் நீ ஓடுவாய் என்று அஞ்சலோட்டக் கதையை அடியோடு புதைத்தேன். உன் அம்மா வாயையும் அடைத்தேன். நீ பள்ளிக்கூடப் போட்டியில் பேர் கொடுத்துவிட்டு வந்தபோது வாத்தியாரிடம் போய் வெட்டச் சொன்னேன். கோட்டையில் அந்தப் பெரிய குண்டு வெடித்தது நினைவிருக்கும். அந்தக் கிழமையில்தான் நீ டியூஷனுக்கு நேரமாகிவிட்டது என்று பஸ்ஸுக்கு ஓடி, காவலரணில் பிடிபட்டாய். நான் ஸ்டேஷனுக்கு வந்து, கேள்வி கேட்டுக்கொண்டிருந்த சார்ஜனுக்கு முன்னாலேயே உன்னை அறைந்தேன். "நடந்து வந்திருந்தா என்னடா கெட்டுப்போச்சு" என்றேன். இதையும் நீ எழுதினாய், கோபமில்லாமல், அழகாகத்தான் எழுதினாய் என்று சுபா சொன்னாள். ஆனால் அப்பா வெகு நேரம் கழித்துத்தான் வந்தார் என்று ஒரு வரி வைத்தாய். நேரம் கழித்துத்தான் வந்தேன். ஜுனைதீன் அந்தக் குண்டில் போனான், தம்பி. கோட்டையில் ஒரு கட்டடத்தில் வாச்சராக இருந்தான். கிழமை முழுக்கத் தேடி அன்றைக்குக் காலையில்தான் அவனைக் கொடுத்தார்கள். அவனை அடக்கிய இடத்திலிருந்துதான் நேரே உன்னிடம் வந்தேன். கபுறில் போட்ட மண் கையில் இருந்தது, அந்தக் கையால்தான் அறைந்தேன். அங்கிருந்து ஸ்டேஷன் வரைக்கும் நடந்துதான் வந்தேன். என் பிள்ளை உள்ளே இருந்தான், அன்றைக்கும் நான் ஓடவில்லை.

விமல் நல்ல மனிதர். அவர் உனக்கு மூச்சு விடச் சொல்லிக் கொடுத்தார், குதியை வைக்கச் சொல்லிக் கொடுத்தார், மழையில் ஓடக் கூட்டிப்போனார். அதெல்லாம் என்னிடமும் இருந்தது. உனக்குக் கொடுக்க என்றே என்னிடம் இருந்த ஒரே சொத்து அது. நிலம் இல்லை, எழுத்து இல்லை, கால்தான் இருந்தது. அதை நான் பூட்டி வைத்தேன், உன்னை உயிரோடு வைத்திருக்க. பூட்டினது பிழை என்று இன்றைக்கும் சொல்லமாட்டேன். ஆனால் நான் பூட்டி வைத்த அதே சாமானை வேறொருவர் சிரித்துக்கொண்டே, குட் மோர்னிங் மல்லி என்று சொல்லிக்கொண்டே உன் கையில் கொடுக்கிறார், நீ அவரைத் தகப்பன் என்கிறாய் என்றால், எனக்கு வயிறு எரியாமல் வேறு என்ன செய்யும்? போகும் முன் அவரை வீட்டுக்குக் கூப்பிட்டு ஒருநேரச் சாப்பாடு கொடு. மீன் குழம்பு வைக்கட்டும். நான் எதிரே உட்கார்ந்து பரிமாறுகிறேன். முள் சிக்க வேண்டும் என்று நினைக்கமாட்டேன் என்று சத்தியம் மட்டும் கேட்காதே. அன்றைக்கு அவர் என் காலைப் பார்த்தது எனக்கு மறக்கவில்லை. நீ பார்க்காததை அந்த மனிதர் பார்த்துவிட்டார். அதற்கும் சேர்த்துத்தான் பொறாமை.

மெல்பர்னில் போய் நீ ஓடுவாய். அங்கே பூங்காவில் ஓடுவார்கள், ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள் என்று உன் டொரொண்டோக்காரர்கள் எழுதியிருந்தார்கள், அவர்கள் ஊரும் அப்படித்தானாம். அங்கே போனதும் முதல் வேலையாக அந்தக் காற்சட்டைப் பையைப் பிரித்து எடுத்துவிடு. சுபா தைத்த தையல் உறுதி, பிளேடு வேண்டும். பிரித்த பிறகும் கொஞ்ச காலம் உன் கை இடுப்புக்குப் போகும். போகட்டும், அதட்டாதே. கைக்கு நாடு மாறினது தெரிய நேரம் எடுக்கும். ஒருநாள் யாராவது எதிரே வரும்போது அது தானாக மேலே போகும். அதை நான் பார்க்கமாட்டேன். சுபாவையும் நீ கூப்பிட்டுக்கொண்ட பிறகு நான் கொட்டாஞ்சேனையில் உன் தங்கச்சி வீட்டில் இருப்பேன்.

அந்தப் பையில் என்ன இருந்தது என்று யோசித்துப் பார்த்தாயா? அடையாள அட்டையில் உன் பேருக்கு முன்னால் என் பேர்தான் இருக்கிறது. புளொக்கில் வெறும் ரவி என்று போட்டாய், பத்திரத்துக்காக. சரிதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் இத்தனை நாளும் நீ என் பேரை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் ஓடினாய். ஆமிக்காரனைக் கண்டால் அதைத்தான் தொட்டுப் பார்த்தாய். காவலரணில் காட்டுவதற்கு மட்டும் இருந்த பேர். அதை ஒருதடவை வெளியே எடுத்து, நீ ஓட்டத்தைப் பற்றி எழுதுகிற இடத்தில் வை என்றுதான் கேட்கிறேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை. இந்தக் கடிதத்தைப் புளொக்கில் இப்போது போடாதே. விமானம் ஏறி, இறங்கி, சேர்ந்துவிட்டேன் என்று சுபாவுக்குச் சொன்ன பிறகு போடு. என்னை நினைத்துப் பயப்படாதே, துவாயும் பொல்லுமாகத் திரிகிற கிழவனை யாரும் தேடி வரமாட்டார்கள்.

உன் கடைசிப் பதிவின் தலைப்பை மாற்ற வேண்டாம். விமலின் பேரை எடுக்கவும் வேண்டாம், அவர் ஓடிச் சம்பாதித்த பேர் அது. அதற்குக் கீழே எங்கள் நான்கு பேரையும் ஓடிய வரிசையில் போடு. முதலில் அந்தோனி. நீர்கொழும்புக்குக் குடிபோய், குடித்துக் குடித்துச் செத்தான், ஆனால் துவக்குச் சத்தம் கேட்டவுடன் அவனைப் போலப் பாய்ந்தவன் இல்லை. இரண்டாவது ஜுனைதீன், கோட்டையில் போனவன். மூன்றாவது பியதாச. போன வருஷம் சர்க்கரை வியாதியில் ஒரு காலை எடுத்தார்கள், பிறகு அவனையே எடுத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்க்கப் போனபோது, ஒரு காலோடு படுத்திருந்தவன் என்னைக் கண்டதும் கையை நீட்டி "கன்ன" என்றான். கையில் ஒன்றும் இல்லை. நான் பிடித்துக்கொண்டேன். நாலாவது ஆள், முன்னால் கோலை வாங்க ஒருவரும் இல்லாமல் கோட்டைத் தாண்டினவன், நான்கு பேரில் இன்னும் உயிரோடு இருக்கிறவன். சுபா, இந்தப் பேரைப் பிழையில்லாமல் தட்டு புள்ள: கறுப்பையா மகன் முத்துவேல்.